இருப்பில் ஒரு கணினி கூடுதல்

அந்த ஊரின் குடிநீர் அலுவலகம் முன்னேறத் தீர்மானித்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின நாள்வரை அது வெறுமனே வேலை செய்துகொண்டிருந்தது.

தீர்மானித்தவர் ஆணையர். அவர் மூன்று நாள் மாநாடு ஒன்றுக்குப் போய்வந்திருந்தார். மாநாட்டில் தண்ணீரைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு நினைவில் இல்லை. நினைவில் நின்றது ஒன்றே ஒன்றுதான். வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்த பதினெட்டுப் பேரும் தத்தம் பைகளிலிருந்து வெள்ளித் தகடு போன்ற மேக் கணினிகளை எடுத்துச் சத்தமில்லாமல் திறந்தார்கள். ஆணையரும் தம்முடையதைத் திறந்தார். அது கறுப்பு. செங்கல் கனம். திறந்ததுமே அதன் விசிறி மாவு மில்லைப் போல இரையத் தொடங்கியது. தலைமை வகித்தவர் பேச்சை நிறுத்தி, "வெளியே ஏதோ லாரி நிக்குது போல, கதவைச் சாத்துங்க" என்றார். யாரோ போய்ச் சாத்தினார்கள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்த ஆணையர் சுற்றறிக்கை விட்டார். 'அலுவலகத்தின் தோற்றப் பொலிவையும் சிந்தனைத் தெளிவையும் ஒருங்கே மேம்படுத்தும் பொருட்டு, தற்போது பயன்பாட்டில் உள்ள நாற்பத்தொரு விண்டோஸ் கணினிகளும் முற்றாக விலக்கப்பட்டு, அவ்விடங்களில் மேக் கணினிகள் அமர்த்தப்படும்.' நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான். அவர் வரைபடப் பிரிவின் வரைவாளர்.

வரைவாளர் அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. அந்தப் பிரிவில் இருபத்துநாலு வருஷமாக இருக்கிறார். பிரிவு என்று மரியாதைக்குச் சொல்வது. ஆள் அவர் ஒருவர்தான். ஊருக்குள் மண்ணுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பதையெல்லாம் வரைந்து, மாறும்போதெல்லாம் திருத்தி வைப்பது அவர் வேலை. ஆயிரத்து எண்ணூற்று அறுபது தாள்கள். அத்தனையும் கணினியில், ஒரு பழைய வரைவு மென்பொருளில் இருந்தன. அதற்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் அதைச் செய்த கம்பெனியே பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூடிப்போனதால், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல், அலுவலகத்தில் எல்லாரும் அதைப் 'பழசு' என்றார்கள். பழசு விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது வரைந்ததை அதைத் தவிர வேறு எதனாலும் திறக்க முடியாது. கட்டைவிரல் அளவு சாவி ஒன்றைக் கணினியில் செருகினால்தான் அதுவும் வாயைத் திறக்கும். வரைவாளர் அம்மா அந்தச் சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துப் போட்டிருந்தார்.

இந்த விவரங்களை எல்லாம் ஒரு பக்கத்துக்குக் குறிப்பாக எழுதி மேலே அனுப்பினார். குறிப்பு ஆறு கையெழுத்துகளைச் சேகரித்துக்கொண்டு திரும்பி வந்தது. ஓரத்தில் ஆணையர் எழுதியிருந்தார்: 'கருத்து வரவேற்கத்தக்கது. கைவிடப்பட்டது.'

ஒரு சனிக்கிழமை லாரி வந்தது. கறுப்புக் கணினிகள் நாற்பத்தொன்றும் அதில் ஏறிப் போயின. எங்கே போயின என்று கேட்டவருக்கு, "போயிடுச்சு" என்று பதில் கிடைத்தது. அதற்குள் வரைவாளர் அம்மா தாள்கள் அத்தனையையும் ஒரு கையடக்க வன்வட்டில் நகல் எடுத்து, பழசின் குறுந்தகட்டையும் விண்டோஸ் குறுந்தகட்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கைப்பைக்குச் சுற்றறிக்கை எதுவும் வந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் வேறு அலுவலகமாக இருந்தது. புதுக் கணினிகளின் எளிமைக்கு மற்றப் பொருள்கள் ஊறு விளைவிக்கும் என்று கருதப்பட்டதால், பேனா ஸ்டாண்டு, கோப்புத் தட்டு, மேஜை இழுப்பறை, பார்வையாளர் நாற்காலி எல்லாம் அகற்றப்பட்டிருந்தன. மேசைக்கு ஒரு வெள்ளித் தகடு. அவ்வளவுதான். ஸ்டேப்ளரை எல்லாரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். இணைப்பு கேட்டு வந்தவர்கள் நின்றபடியே அந்த எளிமையைக் கண்டு வியந்தார்கள். கணினியின் மூடி பொதுமக்களைப் பார்த்து இருக்க வேண்டும் என்றும், அதை நாளைக்கு இரண்டு முறை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும் என்றும் துணை அறிக்கை வந்தது. துடைப்பதில் அலுவலகம் நல்ல முன்னேற்றம் கண்டது.

வரைவாளர் அம்மா வட்டைச் செருகி ஒரு தாளைத் திறக்கப் பார்த்தார். இந்தக் கோப்பைத் திறக்க வழியில்லை என்று திரை பணிவோடு சொன்னது. கணினி அலுவலரைக் கூப்பிட்டார். கணினி அலுவலருக்கு அலுவலகத்தில் 'அப்டேட்' என்று பெயர். எந்த நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான்.

"அப்டேட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"இந்த மென்பொருளைச் செஞ்ச கம்பெனியே இல்ல சார். எங்கேருந்து அப்டேட் வரும்?"

"அப்ப மேக்கை அப்டேட் பண்ணலாம்."

"பண்ணினா பழசு ஓடுமா?"

"ஓடாது. ஆனா அப்டேட் ஆயிருக்கும்."

ஒரே ஒரு பழைய விண்டோஸ் கணினியாவது வேண்டும் என்று வரைவாளர் அம்மா மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஆணையரே கூப்பிட்டு அனுப்பினார். "மேடம், நம்ம அலுவலகம் முழுமையா நவீனமாயிடுச்சுன்னு மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. இப்ப உங்களுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு குடுத்தா அறிக்கை பொய்யாயிடும். அறிக்கையைப் பொய்யாக்கற அதிகாரம் எனக்கு இல்ல" என்று வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தகடு அன்று காலைதான் துடைக்கப்பட்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் வரைவாளர் அம்மா இதைச் சொன்னார். வீட்டுக்காரர் தையல்காரர். வாசல் அறையில் மெஷினை ஓட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இருபத்துநாலு வருஷ வேலைங்க. கையில வட்டு இருக்கு, கழுத்துல சாவி இருக்கு. பூட்டைத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"லைனிங் குடுத்துப் பாரேன்" என்றார் அவர், ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

"என்னது?"

"மேல இருக்கற துணி மினுமினுப்பா இருந்தா உடம்புல நிக்காது. உள்ள பழைய பருத்தியில லைனிங் குடுத்தா நிக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. உங்க மேக்குக்குள்ள அந்த மாதிரி எதுவும் தைக்க முடியாதா?"

அவருக்குக் கணினியில் அ ஆ கூடத் தெரியாது. ஆனால் அம்மா கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது, உலகத்தில் பலபேர் அதே தையலைப் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. மேக்குக்குள்ளே கற்பனையாக ஒரு கணினியை உண்டாக்கலாம். அந்தக் கற்பனைக் கணினிக்குள் நிஜமான விண்டோஸை நிறுவலாம். அந்த விண்டோஸுக்குள் பழசைப் போடலாம். எப்படி என்று ஒருவர் படிப்படியாக வீடியோவில் காட்டியிருந்தார்.

நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை அம்மா அதற்குக் கொடுத்தார். மெல்லிய கணினிக்குக் குறுந்தகடு போடும் வாய் இல்லை. அதற்குத் தனியாக ஒரு பெட்டி. பெட்டியின் வயர் நுழைய, கணினியின் துளை சின்னது. அதற்கு ஒரு மாற்றி. சாவிக்கு இன்னொரு மாற்றி. எளிமையான அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு வால் முளைத்தது. எளிமைக்கு ஊறு வராமல் இருக்க அம்மா அதன்மேல் கைக்குட்டையைப் போர்த்திவைத்தார்.

நாலாம் நாள், மேக்கின் திரைக்கு நடுவில் ஒரு கட்டம் திறந்தது. கட்டத்துக்குள் பழைய நீல வானமும் பச்சை மேடும் வந்தன. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடியது. ஆனாலும் ஓடியது. அம்மா பழசைத் திறந்தார். முதல் தாள் வந்தது. ஊரின் வடக்கு மூலை, சிவப்புக் கோட்டில் பெரிய குழாய், நீலத்தில் கிளைகள். ஊருக்குப் போன பிள்ளை வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த துணியாலேயே கணினியையும் துடைத்தார்.

அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. மூன்றாவது வாரம் இருப்புச் சரிபார்ப்பு அலுவலர் வந்தார்.

அவர் நேர்மையானவர். யாரிடமும் ஒரு டீ குடித்ததில்லை. அலுவலகத்தின் பொருள் ஒவ்வொன்றையும் பேரேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மனம் குளிர்வார். அம்மாவின் திரையைப் பார்த்ததும் நின்றார்.

"இது எந்தக் கம்ப்யூட்டர்?"

அம்மாவுக்குப் பொய் வராது. "வெளியே இருக்கறது மேக் சார். உள்ளே விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடுது."

"அப்ப ரெண்டு."

"இல்ல சார், ஒண்ணுதான். உள்ளே இருக்கறது கற்பனை."

"கற்பனையா இருந்தா எனக்கு எப்படித் தெரியுது?"

அம்மா துணியை எடுத்துத் திரையை ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். அப்போதும் தெரிந்தது.

"அதுல வேலை நடக்குதா?" என்று கேட்டார் அவர்.

"நடக்குது சார்."

"அலுவலக வேலையா?"

"ஆமா சார்."

"அலுவலகத்துல, அலுவலக நேரத்துல, அலுவலக வேலை செய்யற கம்ப்யூட்டர். பேரேட்டுல இல்ல." அவர் எழுதினார்: 'இருப்பில் ஒரு கணினி கூடுதல்.' பிறகு பையிலிருந்து ஒட்டுச் சீட்டு ஒன்றை எடுத்து, எண் எழுதி, திரையில் கட்டத்தின் மூலையில் ஒட்டினார். அம்மா அந்தக் கட்டத்தைச் சுருக்கினார். சீட்டு மட்டும் மேக்கின் மேல் அனாதையாக நின்றது.

"சுருக்காதீங்க" என்றார் அவர். "அரசாங்கப் பொருளை மறைக்கக் கூடாது."

கூடுதல் என்பது குறைவைவிட மோசம் என்பது அலுவலக உலகம் அறிந்த உண்மை. குறைந்தால் யாரோ எடுத்துப்போனார்கள் என்று முடித்துவிடலாம். கூடினால், யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கிப்போனார்கள் என்று கேள்வி முளைத்துக்கொண்டே போகும். அம்மாவுக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றைக் குறிப்பிடும்படி கேட்டிருந்தார்கள். நான்குக்கும் 'இல்லை' என்று எழுதினார். எடை இல்லாத கணினி என்றால் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்று முடிவாகி, மூன்று பேர் குழு அமைந்தது: சரிபார்ப்பு அலுவலர், சட்ட ஆலோசகர், கட்டடப் பொறியாளர்.

குழு அம்மாவின் மேசையைச் சுற்றி நின்றது. பார்வையாளர் நாற்காலிகள்தான் அகற்றப்பட்டிருந்தனவே.

"இது எந்த அறையில இருக்குன்னு எழுதறது?" என்றார் கட்டடப் பொறியாளர்.

"இந்த அறையிலதான் சார்."

"இது இருக்கறது மேக்குக்குள்ள. மேக் இருக்கறது இந்த அறையில. ரெண்டும் ஒண்ணாகாது."

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், உள்ள இருக்கற இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை வைக்க முடியுமா?"

"முடியும்னு சொல்றாங்க சார். ரொம்ப மெதுவா ஓடும்."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ளயும்தான்."

மூன்று பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். 'மேற்படிப் பிரிவில் உள்ள கணினிகளின் எண்ணிக்கையை உறுதியாகக் கூற இயலாது' என்று அறிக்கை தொடங்கியது. உள்ளே இருப்பது விலக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதால், அது கழிவுப் பொருளாக அறிவிக்கப்பட்டு, கழிவுக் கிடங்கில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று முடிந்தது.

"ஒரு பட்டனைத் தட்டினா அழிஞ்சிடும் சார்" என்று அம்மா தயங்கிச் சொன்னார். அடுத்த நொடியே, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நல்லவேளை, குழு அதை ஏற்கவில்லை. "அழிக்கறதா? அரசாங்கப் பொருளை அழிக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? ஒப்படைக்கணும்" என்றார் சரிபார்ப்பு அலுவலர்.

உள்ளே இருப்பதை ஒப்படைக்க வேண்டுமென்றால் வெளியே இருப்பதையும் சேர்த்துத்தான் ஒப்படைக்க முடியும். எனவே மேக், வால், மாற்றிகள், சாவி எல்லாம் ஒரு சாக்குக்குள் போயின. சாக்கின் வாயைக் கட்டி அரக்கு வைத்தார்கள். சாவியை அம்மாவே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அன்று சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அம்மாவின் மேசை வெறுமையாக இருந்தது ஆணையருக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தொரு மேசையில் ஒன்று மொட்டையாக இருந்தால் வரிசை கெடும். வெள்ளி நிறம் அடித்த ஓர் அட்டையை மடித்து அங்கே வைக்கச் சொன்னார். அம்மா தினமும் வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். நாளைக்கு இரண்டு முறை துடைத்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி எல்லா மேசையையும் பார்த்துவிட்டு இதன் முன்னால் நின்று, "இது இன்னும் மெல்லிசா இருக்கே, புது மாடலா?" என்று கேட்டார். ஆணையருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படிப் பத்தொன்பது நாள் போனது. இருபதாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு வால்வுக்காரர் ஓடிவந்தார். ஊரில் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். இடுப்புவரை நனைந்திருந்தார்.

"அம்மா, பிரசவ ஆஸ்பத்திரி முன்னால பெரிய குழாய் வெடிச்சிடுச்சு. ரோட்டுல ஆறு மாதிரி ஓடுது. ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளத்துலதான் ஜெனரேட்டர் அறை. வாசப்படிக்குத் தண்ணி வந்தாச்சு. வால்வு எங்கேம்மா இருக்கு?"

"அந்த ரோட்டை மூணு தடவை போட்டுட்டாங்களே."

"அதான். மூடி மூணு தெரியுது. மூணையும் திறந்து பாத்துட்டேன், ஒண்ணும் இது இல்ல. எங்கேன்னு தோண்டறது? மேல குறைமாசக் குழந்தைங்க எட்டு கண்ணாடிப் பெட்டியில இருக்குதாம். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு டாக்டரம்மா கேக்கறாங்க."

தாள் எண் நானூற்றுப் பன்னிரண்டு. எண் அம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வால்வை இடம் மாற்றினார்கள். எத்தனை அடி, எந்தத் தூணிலிருந்து என்பது தாளில்தான் இருக்கிறது. தாள் சாக்குக்குள் இருக்கிறது.

இருவரும் பின்கட்டுக் கிடங்குக்கு ஓடினார்கள். கிடங்குக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல மேடம். வெளியே போக வழி இல்லன்னு சொல்றேன். கழிவுப் பொருள் ஏலத்துல மட்டும்தான் வெளியே போகும். அடுத்த ஏலத்துக்கு ஏழு மாசம் இருக்கு."

"தண்ணி ஏழு மாசம் நிக்குமா?" என்றார் வால்வுக்காரர்.

"நிக்காது. ஆனா தண்ணி என் பிரிவு இல்லையே."

அந்த நேரம் பார்த்து, சத்தம் கேட்டுச் சரிபார்ப்பு அலுவலர் உள்ளே வந்தார். இருபத்துநாலு வருஷம் மண்ணுக்கு அடியில் வளைந்து போகும் குழாய்களைப் பின்தொடர்ந்த மூளை அம்மாவுக்கு. நேராக மோதிப் பயனில்லை என்று அதற்குப் புரிந்தது.

"சார்," என்றார், மூச்சை அடக்கிக்கொண்டு. "சாக்குக்கு மேல அரக்கு வெச்சீங்க. சரி. உள்ளே இருக்கற கம்ப்யூட்டர் இன்னும் உள்ளேதான் இருக்கான்னு யாராவது பாத்தீங்களா?"

"சாக்கு இருக்கே."

"சாக்கு இருக்கு சார். மேக்கும் இருக்கலாம். ஆனா நீங்க கூடுதல்னு எழுதினது உள்ளே இருக்கறதை. அதுக்கு எடை கிடையாது. போயிருந்தாலும் சாக்கு அதே கனம்தான் இருக்கும்."

சரிபார்ப்பு அலுவலரின் முகம் வெளுத்தது. தம் பணிக்காலத்தில் அவர் ஒரு குண்டூசியைக்கூடத் தொலையவிட்டதில்லை.

"பிரிங்க" என்றார்.

"சார், ஏலம்..." என்று இழுத்தார் கிடங்குக்காரர்.

"வெளியே எடுக்கல. இருக்கற இடத்துலயே சரிபாக்கறோம். ரெண்டு சாட்சி வேணும். நீங்க ஒண்ணு. இவர் ஒண்ணு." வால்வுக்காரர் தலையாட்டினார். அவர் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சாக்கைப் பிரித்து, வாலை நீட்டி, மின்சாரம் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது எழுந்து வர ஆறு நிமிஷம் ஆயிற்று. ஆறு நிமிஷமும் அம்மா திரையைத் தடவிக்கொண்டே நின்றார். வானமும் மேடும் வந்தன.

"இருக்கு" என்றார் அலுவலர். அவர் பேனாவைத் திறந்தார்.

"கம்ப்யூட்டர் இருக்கு சார். அதுக்குள்ள பழசு இருக்கான்னு பாக்கணும்."

"பாருங்க."

"பழசுக்குள்ள தாள் எல்லாம் இருக்கான்னும் பாக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க பேருக்குத்தான் கெடுதல்."

"எல்லாத்தையும் பாருங்க மேடம். எனக்குப் பூரண திருப்தி வேணும்."

அம்மா நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்தார். வால்வுக்காரர் குனிந்தார். ஆஸ்பத்திரி வாசல், இடதுபக்கத் தூண், அங்கிருந்து தெருவோடு பதினோரு அடி, சுவரிலிருந்து நாலு அடி. அந்த இடத்தில் இப்போது ஒரு செய்தித்தாள் கடை நிற்கிறது. வால்வுக்காரர் கைப்பேசியில் கத்தினார்: "பேப்பர் கடையை நகத்து. அப்புறம் கேளு, முதல்ல நகத்து." மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அலுவலர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்: 'உள்ளது. உள்ளதற்குள் உள்ளது. அதற்குள்ளும் உள்ளது.' அவர் மூன்றாவது வரியை முடித்தபோது கைப்பேசி பேசியது. வால்வு கிடைத்துவிட்டது. தண்ணீர் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் அறைக்கு ஒரு படி மிச்சம் இருந்தது. அம்மா பக்கத்திலிருந்த உடைந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஆணையர் அதை 'நவீனமயமாக்கலின் நேரடிப் பயன்' என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"சார், அந்தக் கம்ப்யூட்டரை என் மேசைக்கே குடுத்துட்டா நல்லா இருக்கும்" என்றார் அம்மா.

"குடுத்தா குழு தப்புன்னு ஆயிடும் மேடம். குழுவை அமைச்சது நான்." ஆணையர் தம் தகட்டின் மூடியை விரலால் துடைத்தார். "ஆனா சரிபாக்கறதுக்குத் தடையே இல்ல. எத்தனை தடவை வேணாலும் சரிபாக்கலாம். சரிபாக்கற அலுவலகம்தான் நல்ல அலுவலகம்."

ஆணை வந்தது. கழிவுப் பொருளான கணினி எண் நாற்பத்திரண்டு கிடங்கில் இருக்கிறதா என்பது தினமும் காலை பத்தரைக்கும் மாலை மூன்றரைக்கும் சரிபார்க்கப்படும். சரிபார்ப்புப் பொறுப்பு வரைவாளருக்குக் கூடுதலாக வழங்கப்படுகிறது. கிடங்கில் ஒரு மேசை போட்டார்கள். கிடங்குக்கு எளிமை விதி பொருந்தாது என்பதால் இழுப்பறை வைத்த மேசையே கிடைத்தது. அம்மா அங்கே உட்கார்ந்து குழாய்களை வரைந்தார். வரைந்ததற்கு 'சரிபார்ப்பு' என்று பெயர்.

சேதி மெல்லப் பரவியது. இணைப்புப் பிரிவில் இருந்தவருக்கும் பழைய படிவம் ஒன்று மேக்கில் திறக்கவில்லை. அதையும் எண் நாற்பத்திரண்டுக்குள் வைத்துச் சரிபார்க்க வந்தார். அவருக்குப் பின்னால் மீட்டர் பிரிவு வந்தது. 'அப்டேட்' கூட, யாரும் பார்க்காத நேரம் பார்த்து வந்து போனார். மூன்று மாதத்தில் அலுவலகத்தின் வேலை முழுவதும் கிடங்கில் நடந்தது. முன்கட்டில் ஒருவர் மட்டும் இருந்து நாற்பதையும் ஓர் அட்டையையும் துடைத்தார். நாட்டிலேயே மிக எளிமையான அலுவலகம் என்று ஒரு கேடயம் கிடைத்தது. படத்தைச் செய்தித்தாளில் பார்த்த ஊர்க்காரர்கள், தங்கள் வரி வீண் போகவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் பெருகியதால் ஒழுங்கு தேவைப்பட்டது. அம்மாவே ஒரு விண்ணப்பப் படிவம் வரைந்தார். வரைவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு பத்திகள், மூன்று பிரதி, பின்பக்கத்தில் விதிகள்.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வால்வுக்காரர் வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தார். அம்மா தலை நிமிராமல், "பத்தரை முடிஞ்சுதே. அடுத்தது மூணரைக்கு" என்றார்.

"அவசரச் சரிபார்ப்பு இருக்கே அம்மா, எட்டாவது விதி." வால்வுக்காரர் பாலித்தீன் உறைக்குள்ளிருந்து மூன்று பிரதியையும் எடுத்து நீட்டினார். நனையாமல் கொண்டுவந்திருந்தார். சாட்சிக் கையெழுத்து இரண்டும் இருந்தன. அம்மாவுக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் படித்தார். ஒன்பதாவது பத்தியில் விரல் நின்றது. 'சரிபார்ப்பதற்கான காரணம்' என்ற இடத்தில் வால்வுக்காரர், 'தெருவில் தண்ணீர் வீணாக ஓடுகிறது' என்று எழுதியிருந்தார்.

"இப்படி எழுதக் கூடாதுங்க" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. "தணிக்கையில யாராவது படிச்சா, இங்க குழாய் வேலை நடக்குதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் எல்லாத்தையும் மூடிடுவாங்க. 'பொருள் இருப்பில் உள்ளதா என அறிய'ன்னு எழுதணும்."

"தெரியும்மா, ஓடிவந்த வேகத்துல மறந்துட்டேன்" என்று வால்வுக்காரர் வெட்கப்பட்டார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துத் தண்ணீரை அடித்தார். மூன்று பிரதியிலும் அடித்தார். பக்கத்தில் பொருள், இருப்பு என்று நிதானமாக, எழுத்து கலையாமல் எழுதினார்.

"அடிச்ச இடத்துல சுருக்கக் கையெழுத்து" என்றார் அம்மா.

போட்டார். மூன்று இடத்தில்.